1870-க்கு முன்னால் பெயரில்லாமல் போனவர்களை எந்தப் பத்திரத்தில் தேடுவது?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மருமகள் ஜார்ஜியா மாநிலத்துக் கறுப்பினக் குடும்பத்துப் பெண். பேரனுக்காக இரண்டு பக்க வம்சாவளியையும் எழுதி வைக்க உட்கார்ந்தீர்கள். மருமகள் பக்கம் 1870 சென்சஸ் வரை போய்விட்டீர்கள். அங்கே ஒரு வீடு: 45 வயது ஆண், 40 வயதுப் பெண், 22-இல் தொடங்கி 3 வரை ஐந்து பிள்ளைகள், கூடவே வர்ஜீனியாவில் பிறந்த 70 வயது மூதாட்டி ஒருவர். 1860 சென்சஸில் இவர்களில் ஒருவரும் இல்லை. யாரோ “எஜமானனுடைய சொத்துப் பத்திரங்களைப் பாருங்கள்” என்று சொல்லியிருக்கிறார். எந்த எஜமானன், அவன் பத்திரத்தில் இவர்கள் ஏன் இருக்க வேண்டும், அப்படியே ஒரு பெயர் கிடைத்தாலும் அது இவர்தான் என்று எதை வைத்துச் சொல்வது என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் வழி சொல்லிவிடலாம். மூன்றாவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

நான் வரலாறு படித்தவன் அல்ல. ஜார்ஜியாவிலும் இரண்டு கரோலினாக்களிலும் பதினெட்டு வருடம் டைட்டில் தேடும் வேலை பார்த்தேன். நம் ஊரில் வில்லங்கம் பார்ப்பது என்போமே, அதுதான். கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கோர்ட் ஹவுஸில் பழைய பத்திரப் புத்தகங்களைப் புரட்டி, ஒரு நிலம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பின்னோக்கிப் போக வேண்டும். 1850-களுக்குள் நுழைந்ததும் ஒரு பக்கத்தில் 200 ஏக்கர் நிலம் இருக்கும். அடுத்த பக்கத்தில் ஒரு தாயும் கைக்குழந்தையும் இருப்பார்கள். அதே குமாஸ்தாவின் கையெழுத்து, அதே “அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் என்றென்றைக்குமாக” என்ற வாசகம். முதல் முறை பார்த்த அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை. பிறகு வேலை நேரம் முடிந்தபின் அந்தப் பக்கங்களுக்காகவே உட்கார ஆரம்பித்தேன். ஆகவே நான் சொல்வது பத்திரம் தேடுகிறவனின் பதில். மரபணுச் சோதனை பற்றிக் கேட்டால் அது என் துறை இல்லை.

1860-இல் அவர்கள் இல்லாமல் போகவில்லை. வேறு தாளில் இருக்கிறார்கள். 1850-இலும் 1860-இலும் அடிமைகளுக்கென்று தனிப் படிவம் வைத்தார்கள். அதில் எஜமானன் பெயர் இருக்கும். அதன் கீழே வரிசையாக வயது, பால், நிறம் மட்டும் இருக்கும். நிறத்துக்குக் கறுப்பு அல்லது கலப்பு என்று ஒற்றை எழுத்து. ஒருசில விதிவிலக்குகள் தவிர, பெயர் கிடையாது. 1860-இல் இப்படிக் கணக்கெடுக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 39.5 லட்சம் பேர். ஆக, உங்கள் 45 வயது மனிதர் 1860-இல் “35, ஆண், கறுப்பு” என்ற ஒரு வரியாக எங்கோ இருக்கிறார். அந்த ஒரு வரியை வைத்து அவரைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே கவுண்டியில் அப்படி நூறு வரிகள் இருக்கும். வயதும் ஐந்து, பத்து என்று முழுமையாக்கப்பட்டிருக்கும். இந்தப் படிவத்தைச் சரிபார்க்கத்தான் பயன்படுத்த வேண்டும். இதில் தேட ஆரம்பிப்பவர்கள் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

பெயரோடு எழுதப்பட்ட இடம் வேறு. அடிமைப்பட்டவர் சட்டத்தின் கண்ணில் சொத்து. சொத்து சும்மா கிடக்கும்போது அதைப் பற்றி யாரும் தாளில் எழுதுவதில்லை. கை மாறும்போதுதான் எழுதுவார்கள். எஜமானன் செத்தால், கடனில் மூழ்கினால், மகளைக் கட்டிக் கொடுத்தால், மைனர் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனால் எழுதுவார்கள். அப்போது “35 வயது ஆண்” என்று எழுதினால் போதாது. பின்னால் வழக்கு வந்தால் எந்த ஆள் என்று காட்ட வேண்டுமே. அதனால் பெயர் எழுதினார்கள். அந்த மனிதர்களுக்கு மரியாதை தர எழுதிய பெயர் அல்ல, தங்களுக்குள் தகராறு வராமல் இருக்க எழுதிய பெயர். ஆனால் இன்று நமக்கு இருப்பது அதுதான். எஜமானன் நல்லவனா கெட்டவனா என்பதை இப்போதைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, அவன் எப்போது செத்தான், யாருக்குக் கடன்பட்டான், எத்தனை பெண் பிள்ளைகள் என்று பாருங்கள்.

எந்த எஜமானன்? 1870-இல் உங்கள் குடும்பம் வைத்திருக்கும் குடும்பப்பெயரே எஜமானன் பெயர் என்று எடுத்துக்கொள்வது பொதுவான தவறு. சிலர் கடைசி எஜமானன் பெயரை வைத்தார்கள். சிலர் அதற்கு முந்தைய எஜமானனுடைய பெயரை, தங்கள் தாய்தகப்பன் அறியப்பட்ட பெயராக, வைத்துக்கொண்டார்கள். சிலர் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள், பிறகு மாற்றவும் செய்தார்கள். பெயர் ஒரு துப்பு, அவ்வளவே. அந்தப் பெயருள்ள வெள்ளையர் 1860-இல் அதே கவுண்டியில் இருந்தால் அவரிடமிருந்து தொடங்குங்கள். இல்லையென்றால் 1870 சென்சஸில் உங்கள் குடும்பத்துக்கு முன்னும் பின்னும் பத்துப் பக்கம் படியுங்கள். விடுதலையான உடனே எல்லோரும் வெகுதூரம் போய்விடவில்லை. பலர் அதே வட்டாரத்தில்தான் பங்குக்கு விவசாயம் செய்தார்கள். பக்கத்தில் நிலமதிப்பு அதிகமாகக் காட்டியிருக்கும் வெள்ளைக் குடும்பங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சுற்றியிருக்கும் கறுப்பினக் குடும்பங்களின் பெயர்களையும் விடாமல் எழுதிவையுங்கள். பின்னால் அவைதான் கைகொடுக்கும்.

எஜமானன் பெயரை நேராகவே சொல்லும் ஆவணங்களும் சில உண்டு. அடிமைமுறை ஒழிந்த 1865-இல், விடுதலையானவர்களுக்காக அரசு தொடங்கிய ஃப்ரீட்மென்ஸ் பீரோ என்ற அலுவலகத்தின் கூலி ஒப்பந்தங்களில் பண்ணைக்காரர் பெயரும், அடியில் வேலையாட்கள் பெயரும் சேர்ந்தே இருக்கும். விடுதலைக்குப் பின் முதல் வருடம் பலர் பழைய எஜமானனிடமே ஒப்பந்தம் போட்டார்கள். பலர் போடவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். அதே வருடம் தொடங்கி 1874-இல் கவிழ்ந்த, விடுதலையானவர்களின் சேமிப்பு வங்கியான ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் கணக்குப் பதிவேடுகள் இன்னும் உயர்ந்தவை. சவான்னா, அகஸ்டா, அட்லாண்டா மூன்றிலும் கிளை இருந்தது. கணக்குத் திறந்தவரிடம் பிறந்த ஊர், பழைய எஜமானன், எஜமானி, தாய், தகப்பன், உடன்பிறந்தவர்கள் எல்லாம் கேட்டு எழுதினார்கள். வங்கி ஏழைகளின் பணத்தோடு மூழ்கிப்போனது, பதிவேடு மட்டும் மிஞ்சியது. குடும்பத்தில் யாராவது உள்நாட்டுப் போரில் கறுப்பினப் படைப்பிரிவில் சேர்ந்திருந்தால் (சுமார் 1,79,000 பேர் சேர்ந்தார்கள்) அவர் விதவையின் பென்ஷன் கோப்பைத் தேடிப் பார்க்கத் தவறாதீர்கள். கல்யாணத்துக்குச் சான்றிதழ் இல்லாததால், “இவர்கள் இன்ன பண்ணையில் இன்ன எஜமானனிடம் இருந்தபோது சேர்ந்து வாழ்ந்தார்கள்” என்று அக்கம்பக்கத்தார் சத்தியம் செய்த வாக்குமூலங்கள் அதற்குள் கிடக்கும்.

சந்தேகத்துக்குரிய எஜமானர்கள் இரண்டு மூன்று பேர் கிடைத்துவிட்டால், இனி உண்மையான வேலை. அவர்களில் 1865-க்கு முன் செத்தவர்கள் யார் என்று பாருங்கள். செத்தவனின் சொத்துக்கோப்பு, உயிலையும் செத்தவர் சொத்தையும் பார்க்கும் கவுண்டி ப்ரொபேட் கோர்ட்டில் இருக்கும். அப்போது ஜார்ஜியாவில் அதன் பெயர் கோர்ட் ஆஃப் ஆர்டினரி. உயில் இருந்தால் படியுங்கள், ஆனால் உயிலோடு நின்றுவிடாதீர்கள். “மகள் இன்னாருக்கு என் நீக்ரோப் பெண் இன்னாரும் அவளுடைய இன்க்ரீஸும்” என்று இருக்கும். இன்க்ரீஸ் என்றால் இனிமேல் பிறக்கப்போகும் பிள்ளைகள். பசுவின் கன்றுக்குப் போடும் அதே சொல். 1662-இல் வர்ஜீனியாவில் தாயின் நிலையே பிள்ளையின் நிலை என்று சட்டம் போட்டார்கள், மற்ற இடங்களும் அப்படியே எடுத்துக்கொண்டன. அந்தக் கொடுமையான சட்டத்தால் ஒரு விளைவு: தாளில் தாயையும் சின்னப் பிள்ளைகளையும் சேர்த்தே எழுதினார்கள். தகப்பனை எழுத யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

உயிலைவிடப் பெரியது மதிப்பீட்டுப் பட்டியல். செத்த சில மாதங்களுக்குள் கோர்ட் நியமித்த அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து எல்லாவற்றுக்கும் விலை போடுவார்கள். கலப்பை, கோவேறு கழுதை, கட்டில், ஆட்கள். ஒவ்வொரு ஆளின் பெயருக்கு நேராகவும் டாலரில் ஒரு தொகை. வயது போடாவிட்டாலும் விலையிலிருந்தே வயதை ஊகிக்கலாம். இளைஞருக்கும் பிள்ளைபெறும் வயதுப் பெண்ணுக்கும் அதிகம், குழந்தைக்குக் குறைவு, முதியவருக்குச் சுழி. உங்கள் மூதாட்டியைத் தேடும்போது அந்தச் சுழியைப் பார்க்கத் தயாராக இருங்கள். ஆணை “பாய்” என்று எழுதியிருந்தால் சிறுவன் என்று நினைத்துவிட வேண்டாம், நாற்பது வயதுக்காரரையும் அப்படித்தான் எழுதினார்கள்.

அதன்பிறகு வருடாவருடம் நிர்வாகி கோர்ட்டில் கணக்குக் கொடுப்பார். பலர் படிக்காமல் விடும் பகுதி இது, நான் அதிகம் கண்டெடுத்ததும் இங்கேதான். வாரிசுகள் மைனர்களாக இருந்தால் அடிமைப்பட்டவர்களை ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் ஒரு வருட வாடகைக்கு வெளியே விட்டார்கள். யாரை, யாருக்கு, எவ்வளவுக்கு என்று வரிவரியாக இருக்கும். வருடா வருடம் அந்த வரிகளைத் தொடர்ந்தால் இந்த வருடம் தனியாக இருந்த பெண் அடுத்த வருடம் “கைக்குழந்தையோடு” என்று வருவார். விலைக்குறைப்போடுதான். கோப்பில் உதிரித் தாள்கள் மிஞ்சியிருந்தால் அதிர்ஷ்டம். மருத்துவர் பில், கம்பளி வாங்கிய ரசீது, மருத்துவச்சிக்குக் கொடுத்த கூலி எல்லாம் கிடைக்கும். மருத்துவச்சி ரசீதில் தாயின் பெயரும் தேதியும் இருந்தால், ஒரு பிறந்தநாளே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் பாகப்பிரிவினை. ஆட்களைச் சமமதிப்புள்ள கட்டுகளாகப் பிரித்து, யாருக்கு எந்தக் கட்டு என்று சீட்டுக் குலுக்குவார்கள். ஒரு கட்டு கொஞ்சம் அதிக மதிப்பென்றால் அதை எடுத்தவர் மற்றவருக்கு ரொக்கம் கொடுத்துச் சரிக்கட்டுவார். அண்ணன் தம்பி தோப்பைப் பங்கு போடுவது மாதிரியேதான். உங்கள் குடும்பம் எந்தக் கட்டில் போனது என்பதை வைத்து அடுத்த எஜமானன் யார் என்று தெரியும். அது பெரும்பாலும் மருமகனாக இருப்பான், அதாவது குடும்பப்பெயரே மாறியிருக்கும். பெண் வழி வாரிசுகளை விட்டால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

இந்தச் சொத்துச் சட்டம் குடும்பங்களை என்ன செய்தது என்பதற்கு நன்றாக ஆவணப்படுத்தப்பட்ட இரண்டு பண்ணைகளைச் சொல்கிறேன், மற்றவற்றைப் படிக்கக் கண் பழகும். ஜார்ஜ் வாஷிங்டன் 1799-இல் தன் பண்ணையான மவுண்ட் வெர்னனில் இருந்தவர்களைத் தானே பட்டியல் போட்டார். மொத்தம் 317 பேர். அவருக்குச் சொந்தமானவர்கள் 123 பேர்தான். 153 பேர் அவர் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் கஸ்டிஸ் விட்டுப்போன சொத்தில் விதவைப் பங்காக வந்தவர்கள். கஸ்டிஸ் 1757-இல் உயில் எழுதாமல் செத்தவர். அதனால் அந்த 153 பேரையும் மார்த்தா ஆயுள் வரை அனுபவிக்கலாம், விற்கவோ விடுவிக்கவோ முடியாது. வாஷிங்டனின் உயில் தன் 123 பேருக்கு விடுதலை எழுதியது. மார்த்தா 1801 ஜனவரியில் அவர்களை விடுவித்தார். அவர் 1802-இல் இறந்ததும் விதவைப் பங்காக வந்தவர்கள் கஸ்டிஸ் பேரப்பிள்ளைகள் நால்வருக்குப் பிரிக்கப்பட்டார்கள். இரண்டு கூட்டத்துக்கும் இடையே கல்யாணம் செய்திருந்தவர்கள் உண்டு. கணவன் விடுதலை, மனைவியும் பிள்ளைகளும் வேறொருவரின் பாகம். நாற்பது வருடத்துக்கு முன் ஒருவர் உயில் எழுதாததன் விளைவு இது. அதனால்தான் எப்போதும் ஒரு தலைமுறை பின்னால் போய், இந்த ஆட்கள் இவனுக்கு எப்படி வந்தார்கள் என்று மூலப் பத்திரம் கேளுங்கள் என்கிறேன்.

இன்னொன்று அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனுடையது. 1826-இல் ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடனோடு செத்தார். உயிலில் ஐந்து பேருக்கு விடுதலை எழுதியிருந்தார். அவர்களில் ஒருவர் கொல்லர் ஜோசப் ஃபாசெட். 1827 ஜனவரியில் ஜெஃபர்சனின் பண்ணையான மான்டிசெல்லோவில் 130 பேரை ஏலம் விடத் தொடங்கினார்கள், ஜோசப்பின் மனைவி எடித்தும் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். வெவ்வேறு ஆட்கள் வாங்கினார்கள். பின்னால் ஜோசப் மனைவியையும் சில பிள்ளைகளையும் மீட்டார். அப்போது பதினொரு வயதாக இருந்த பீட்டர் மட்டும் இன்னும் இருபதாண்டுக்கு மேல் அடிமையாகவே இருக்க நேர்ந்தது. பிறகு ஓஹையோவில் சின்சினாட்டியில் பாதிரியாரானார். உயிலை மட்டும் படித்தவருக்கு ஜோசப் விடுதலையானார் என்பதோடு கதை முடிந்துவிடும். ஏலக் கணக்கில்தான் மற்றவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் எஜமானன் 1865-க்கு முன் சாகவே இல்லையென்றால்? அவனுடைய அப்பா, மாமனார் செத்திருப்பார்கள், அங்கே பாருங்கள். கூடவே பத்திரப் புத்தகங்கள். கிரயம், தானம், அடமானம் மூன்றும் ஒரே வரிசையில் இருக்கும். அடமானத்தை அலட்சியம் செய்யாதீர்கள். கடன் கொடுப்பவன் ஈட்டைப் பெயர் பெயராக, வயதோடு எழுதச் சொல்லுவான், அதனால் சில அடமானப் பத்திரங்கள் சென்சஸைவிடத் துல்லியம். இன்றைக்கு இருக்கும் பொதுவான அட்டவணை வாங்குபவன், விற்பவன் பெயரில்தான் இருக்கும், ஆட்களின் பெயரில் இருக்காது. பதினெட்டு வருடத்தில் நான் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். 2024-இல் ஃபேமிலிசர்ச் என்ற இலவசத் தளம் பழைய கையெழுத்துப் பத்திரங்களைக் கணினி படித்துத் தேடித் தரும் வசதியைக் கொண்டுவந்தது. இப்போது எஜமானன் குடும்பப்பெயரையும் மூதாட்டியின் முதல் பெயரையும் சேர்த்துத் தட்டினால் போதும். கணினி தப்பும் தவறுமாகப் படிக்கும், எழுத்துக்கூட்டலை நாலு விதமாக மாற்றிப் பாருங்கள்.

இப்போது மூன்றாவது கேள்வி. ஒரு பட்டியலில் உங்கள் மனிதரின் முதல் பெயர் கிடைத்தால் அதற்கு நான் மதிப்பே கொடுக்க மாட்டேன். ஜானும் மேரியும் எல்லாப் பண்ணையிலும் இருந்தார்கள். 1856-இல் ஒரு பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் அவர் பெயரும், மனைவி பெயரும், அன்றைக்குப் பிறந்திருக்கக்கூடிய மூத்த பிள்ளைகள் பெயர்களும், விலையற்ற ஒரு முதியவளாக மூதாட்டியின் பெயரும், ஒரே பட்டியலில், வயதுக்குப் பொருத்தமான விலையோடு இருந்தால், அப்போதுதான் நிமிர்ந்து உட்காருவேன். ஐந்து சாதாரணப் பெயர்கள் சேர்ந்து பொருந்துவது ஓர் அபூர்வப் பெயர் பொருந்துவதைவிடப் பலம். 1870-இல் பக்கத்து வீடுகளில் இருந்தவர்களின் பெயர்களும் அதே பட்டியலில் தென்பட்டால் மிக நல்லது, ஒரே பண்ணையில் இருந்தவர்கள் சேர்ந்தே குடியிருந்தார்கள் என்று ஆகிறது. அபூர்வப் பெயருக்கும் மதிப்பு இல்லாமல் இல்லை. ஜார்ஜியா, தென் கரோலினாக் கடலோரத்தில் கஃபி, கட்ஜோ என்று வந்தால் அவை மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்த கிழமையை வைத்து இடும் பெயர்கள், வெள்ளி, திங்கள். ஃபிபா என்ற வெள்ளிக்கிழமைப் பெயரைக் குமாஸ்தா ஃபீபி என்று எழுதிவிட்டிருப்பான், இரண்டாகவும் தேடுங்கள்.

மூதாட்டியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1870 படிவத்தில் உறவுமுறை கேட்கவே இல்லை, 1880-இல்தான் அந்தக் கட்டம் வந்தது. அதனால் அவர் கணவனின் தாயா, மனைவியின் தாயா, அல்லது யாருமில்லாமல் வந்து சேர்ந்தவரா என்று அந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது. அதே காரணத்தால் 22 வயதுப் பிள்ளை அந்தப் பெண்ணுக்குப் பிறந்ததா என்பதும் உறுதியில்லை. 1856 பட்டியலில் “இன்னாரும் அவள் பிள்ளைகளும்” என்று வந்தால் உறுதி. ஆனாலும் அவர் வர்ஜீனியாவில் பிறந்தவர் என்ற ஒரு சொல் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எஜமானன் குடும்பமும் வர்ஜீனியாவிலிருந்து வந்தது என்றால், அவர்களோடு நடத்திக் கூட்டிவரப்பட்டிருக்கலாம், அங்கே எஜமானனின் அப்பா செத்த கவுண்டியில் தேடலாம். இல்லை, வியாபாரியிடம் விற்கப்பட்டு வந்தவராகவும் இருக்கலாம். உள்நாட்டு வியாபாரத்திலும் குடிபெயர்ப்பிலும் பத்து லட்சம் பேர்வரை இப்படித் தெற்கே நகர்த்தப்பட்டார்கள். கப்பலில் வந்திருந்தால் சரக்குப் பட்டியலில் பெயர், வயது, உயரம் இருக்கும். நடத்திக் கூட்டிவந்திருந்தால் அநேகமாக ஒன்றும் இருக்காது.

கிடைக்காமல் போகக்கூடியவையும் உண்டு. போரில் எரிந்த கோர்ட் ஹவுஸ்கள் ஜார்ஜியாவில் பல. உங்கள் கவுண்டி எப்போது எந்தக் கவுண்டியிலிருந்து பிரிந்தது என்று பாருங்கள், தாய்க் கவுண்டியில் பழைய புத்தகங்கள் பிழைத்திருக்கலாம். இப்போது மொத்தம் 159, அடிக்கடி பிரித்துக்கொண்டே இருந்தார்கள். தகப்பன் வழி பெரும்பாலும் கிடைக்காது. கணவன் ஒரு பண்ணை, மனைவி வேறொரு பண்ணை என்று வாழ்ந்தவர்கள் ஏராளம், அவர் வேறு எஜமானன் பட்டியலில், யாருடைய கணவன் என்ற குறிப்பே இல்லாமல் இருப்பார். பட்டியலில் கலப்பு நிறம் என்று எழுதியிருப்பதை வைத்து எஜமானன்தான் தகப்பன் என்று நீங்களாக முடிவுகட்டி எழுதிவிடாதீர்கள். உண்மையாக இருக்கலாம்தான், ஆனால் குமாஸ்தா கண்ணால் பார்த்துப் போட்ட ஓர் எழுத்து அதற்குச் சாட்சி ஆகாது. அதைச் சொல்லும் உரிமையும் முதலில் மருமகளின் குடும்பத்துக்குத்தான்.

இதையெல்லாம் தொடங்கும் முன் மருமகளின் பாட்டி, அத்தை யாராவது இருந்தால் போய் உட்கார்ந்து பேசுங்கள். இடப்பெயர், சர்ச் பெயர், “பழைய வீடு” என்று அவர்கள் சொல்லும் ஒரு சொல் எனக்கு ஆறு மாத வேலையை மிச்சப்படுத்தியிருக்கிறது. ஆவணம் கிடைத்ததும் போனில் படம் எடுத்து அவளுக்கு உடனே அனுப்பிவிடாதீர்கள். தன் பாட்டியின் பாட்டிக்கு நேராக ஒரு டாலர் தொகையை அலுவலகத்தில் இருக்கும்போது பார்ப்பது வேறு, வீட்டில் யாராவது பக்கத்தில் இருக்கும்போது பார்ப்பது வேறு. வம்சாவளியில் எழுதும்போது உறுதியானதை மையிலும் ஊகத்தைப் பென்சிலிலும் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கவுண்டி, புத்தக எண், பக்க எண் போடுங்கள். அந்த ஏழெட்டுப் பெயர்களையும் கவுண்டியையும் எனக்குத் தனியாக அனுப்பினால், 1850-க்கும் 1865-க்கும் இடையில் அங்கே யார் யார் சொத்து மதிப்பீட்டுக்கு வந்தது என்று நானும் ஒரு பார்வை பார்க்கிறேன். இங்கே பொதுவில் போட வேண்டாம்.